சனிக்கிழமை கிராஷ்

எங்கள் கடைக் கம்ப்யூட்டர் முதல் தடவை படுத்தது உண்மையாகவே படுத்தது. அதில் என் கைவரிசை எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு நடந்த எதற்கும் என்னால் அப்படிச் சத்தியம் பண்ண முடியாது.

திண்டிவனத்தில் சப் கலெக்டர் ஆபீசுக்குப் போகிற வழியில் இருக்கிறது கடை. மனு டைப் அடிப்பது, கல்யாணப் பத்திரிகை, பேனர் டிசைன், ஜெராக்ஸ், லேமினேஷன். போர்டில் ‘செல்வி புகழ் டிடிபி’ என்று போட்டிருக்கும். செல்வி நான், ஆரோக்கியசெல்வி. புகழ் என் வீட்டுக்காரர் புகழேந்தி. அவர் எட்டு மாதமாக விழுப்புரத்தில் இருக்கிறார்.

கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து விழுப்புரத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற மெஷின் போடுவதாக முடிவு பண்ணிவிட்டு வந்து என்னிடம் சொன்னார். கேட்கவில்லை, சொன்னார். இந்தக் கடையை மூடிவிட்டு நீயும் வந்துவிடு என்றார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. “போறதுன்னா போ. போனா திரும்பி வராத” என்றேன். கோபத்தில் எந்தப் பொம்பளை இதைச் சொல்லவில்லை? மற்ற வீடுகளில் ஆம்பளைகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சாயந்திரம் சோற்றுக்கு வந்து உட்காருவார்கள். எனக்கு வாய்த்தவர் சொன்னதைச் சொன்னபடி கேட்கிற ஆள். ஒரு மானிட்டர், நாலு சட்டை, பல் தேய்க்கிற பிரஷ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை.

நானும் கூப்பிடவில்லை. அவர் முதலில் கூப்பிடட்டும் என்று நான், நான் கூப்பிடட்டும் என்று அவர். ஒரு மணி நேர பஸ்தான். தினம் நூறு பஸ் போகிறது, வருகிறது. ஒவ்வொரு பஸ்ஸும் கடை வாசலைத் தாண்டும்போது தலையைத் தூக்கிப் பார்ப்பேன். பிறகு என்னையே திட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்பேன்.

இப்படி ஆறு மாதம் போன பிறகுதான் அந்தக் கிராஷ்.

ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து பூமாலை என்று ஒருவர் காதணி விழா பேனருக்கு வந்தார். மாமன் வைத்திருந்த பேனரில் இருந்த அதே எழுத்துதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, அந்த எழுத்தின் ஃபான்டை யாரிடமோ வாங்கிப் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார். எங்கள் தொழிலில் இது சகஜம். வருகிறவர் போகிறவர் எல்லாம் கொடுத்துவிட்டுப் போகிற ஃபான்டுகளைச் சேர்த்துச் சேர்த்து எங்கள் மெஷினில் மட்டும் ஆயிரத்து எண்ணூறு கிடந்தன. அதில் நாற்பதைக்கூட நாங்கள் பயன்படுத்த மாட்டோம். ஆனாலும் ஒன்றை அழிக்க மனசு வராது. பூமாலையின் ஃபான்ட் பாதி ஏறிக்கொண்டிருக்கும்போதே “பஸ் வந்துட்சிம்மா” என்று பென் டிரைவைச் சடக்கென்று பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டார். பாதி ஏறியது ஏறினபடியே நின்றது. அதை நான் கவனிக்கவில்லை.

மறுநாளிலிருந்து பேஜாரு. சாஃப்ட்வேரைத் திறந்தால் திறக்கும். எழுத்தை மாற்றலாம் என்று ஃபான்ட் வரிசையைத் தொட்டால் போதும், ஒரு வார்த்தை சொல்லாமல் மூடிக்கொள்ளும். அடித்ததெல்லாம் போய்விடும். சாஃப்ட்வேரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். கேட்கவில்லை. உள்ளூர் மெக்கானிக் தென்னரசுவைக் கூப்பிட்டேன். அவன் ரேமை மாற்றணும் என்றான், ஹார்டு டிஸ்க் போச்சு என்றான், கடைசியில் புதுசு வாங்கிடுங்கக்கா என்று காப்பி குடித்துவிட்டுப் போனான். கல்யாண சீசன். மூன்று பத்திரிகை நின்றுபோயிருந்தது. வேறு வழியில்லாமல் விழுப்புரத்துக்குப் போன் பண்ணினேன்.

வேறு வழியில்லாமல் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“சொல்லுங்க” என்றார்.

எட்டு வருஷம் குடும்பம் நடத்தினவர், சொல்லுங்களாம். “சிஸ்டம் கிராஷ் ஆவுதுங்க” என்றேன் நானும். தனியாக இருக்கும்போது அவரை யோவ் என்றுதான் கூப்பிடுவேன். மரியாதை கொடுத்துக்கொள்கிற அளவுக்குத் தூரமாகிவிட்டோம்.

“எதைத் தொட்டா ஆவுது?”

“ஃபான்ட்ட தொட்டா.”

“ரிமோட் நம்பர் சொல்லுங்க.”

அவர் அங்கிருந்தே என் மெஷினை ஓட்டுவதற்கான ஒன்பது எண்களைப் படித்துக் காட்டினேன். அனுமதிக்கலாமா என்று திரையில் கேட்டது. ஆமாம் என்று அமுக்கினேன். கையை மவுசிலிருந்து எடுத்துவிட்டேன்.

அம்புக்குறி தானாக நகர்ந்தது.

அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. புகழுக்கு ஒரு பழக்கம். எதையும் கிளிக் பண்ணுவதற்கு முன்னால் அம்பை அதன்மேல் இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் அமுக்குவார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வருஷக்கணக்காக அதைப் பார்த்து, “தாயத்து மந்திரிக்கிறியா, ஜல்தியா அமுக்குய்யா” என்று கிண்டல் பண்ணியிருக்கிறேன். இப்போது திரையில் அந்த அம்பு ஒரு ஃபோல்டர் மேல் போய் நின்றது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. கிளிக். ஆள் வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரியே இருந்தது. மவுசின் மேல் கையை வைத்துக்கொண்டேன். நகர்த்தவில்லை, சும்மா வைத்துக்கொண்டேன்.

அவர் வேலை பார்க்கிற விதம் நிதானமானது. ஆயிரத்து எண்ணூறு ஃபான்டில் பாதியை எடுத்து வெளியே வைத்தார். சாஃப்ட்வேரைத் திறந்து பார்த்தார். மூடிக்கொண்டது. அப்படியானால் கெட்டது உள்ளே இருக்கிற பாதியில் இருக்கிறது. அதில் பாதியை வெளியே எடுத்தார். திறந்தார். இப்போது மூடவில்லை. அப்படியானால் கெட்டது இப்போது எடுத்ததில் இருக்கிறது. இப்படியே தொள்ளாயிரம், நானூற்றைம்பது, இருநூற்று இருபத்தைந்து என்று பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவையும் மெஷினை அணைத்துப் போட வேண்டும். போனில் ஒன்றும் பேசமாட்டார். “திருப்பிப் போடுங்க”, “இருங்க”, “ம்”. அவ்வளவுதான். பதினோரு தடவை ஆயிற்று. மூன்று மணிக்கு ஆரம்பித்தது ஆறு மணிக்கு முடிந்தது. அந்த மூன்று மணி நேரம் போல ஒரு சாயந்திரம் அந்த ஆறு மாதத்தில் எனக்கு வாய்க்கவில்லை.

கடைசியில் மிஞ்சியது பூமாலையின் ஃபான்ட். மற்ற ஃபைலெல்லாம் அறுபது எழுபது கேபி அளவு இருக்க, இது மட்டும் பதினொன்று. “பாதிதான் காப்பி ஆயிருக்குது. தொறக்கறப்ப மீதி பாதிய தேடிக்கினு போயி கவுந்துக்குது. தனியா எடுத்து வெச்சிருக்கிறேன், அழிச்சிடுங்க” என்றார். அம்பு போய்விட்டது. திரையில் எங்கள் கல்யாணப் போட்டோ மட்டும் இருந்தது. அதை அவர் மூன்று மணி நேரமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் அழிக்கவில்லை.

டி டிரைவில் ‘சொந்தம்’ என்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறேன். ஆதார், ரேஷன் கார்டு ஸ்கேன், நாலு போட்டோ. அதற்குள் அந்தக் கெட்டுப்போன ஃபான்டைப் போட்டுவைத்தேன். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அடுத்த சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தபோது தெரிந்துவிட்டது. ஃபான்டை எடுத்துத் திரும்பப் போட்டேன். ஃபான்ட் வரிசையைத் தொட்டேன். மூடிக்கொண்டது. போனை எடுத்தேன்.

“மறுபடியும் ஆவுதுங்க.”

அப்படியே ஐந்து சனிக்கிழமை. அவர் நேராக அதே பெயரைத் தேடி எடுத்துவிடக்கூடாது என்று இரண்டாவது தடவை அதன் பெயரை மாற்றிப் போட்டேன். மறுபடி பதினோரு சுற்று. என் திருட்டுப் புத்தியை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. சனிக்கிழமை காலையிலேயே தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு கடைக்குப் போவேன். அம்பு என்னைப் பார்க்கவா போகிறது? இருந்தாலும் வைத்துக்கொண்டேன்.

ஆனால் நான்காவது தடவை அவர் குரல் சரியில்லை. “வைரஸா இருக்கும்னு தோணுது. ரெண்டு நாளா இதையே படிச்சிக்கினு கீறேன். நான்தான் எங்கியோ சரியா பாக்காம உட்டுட்டேன் போல. உங்க வேல கெடுதில்ல?” என்றார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தொழிலில் ரோஷக்காரர். ஒரு பேனரில் புள்ளி விட்டுப்போனாலும் சாப்பிடமாட்டார். இத்தோடு நிறுத்திவிடலாம் என்று முடிவு பண்ணினேன். அடுத்த சனிக்கிழமை வந்ததும் முடிவு எங்கே போனதென்று தெரியவில்லை.

ஆறாவது வாரம் சனிக்கிழமை அவருக்கு வேலை நெருக்கடி, நாளைக்குக் கூப்பிடுங்க என்று சொல்லிவிட்டார். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் சர்ச்சில் பூசைக்குப் போய்வந்து கடையைத் திறந்து ஃபான்டைப் போட்டுவிட்டுப் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. மூன்று தடவை பண்ணினேன். எடுக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் மெயின் சுவிட்சை அணைத்து, ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். போட்ட ஃபான்ட் போட்டபடியே கிடந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. விழுப்புரத்தில் கலெக்டரிடம் மனு கொடுக்கிற நாள். திங்கட்கிழமை காலையில் எனக்கு ஏழு மணிக்கே கூட்டம் வந்துவிடும். அன்றைக்கு ஒலக்கூருக்கு அந்தாண்டை ஒரு காலனியிலிருந்து குப்பம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும், நடவு வேலைக்கு ஆள் சேர்க்கிறவர். அவரோடு ஒரு வேன் நிறையப் பெண்கள். அவர்கள் ஊர் முனையில் பஸ் நிற்பதில்லை. பள்ளிக்கூடம் போகிற பெண் பிள்ளைகள் ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் நடக்கிறார்கள். அதற்குத்தான் மனு. நாற்பத்திரண்டு பேர் ஒருநாள் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பி வந்திருந்தார்கள்.

மனுவைச் சனிக்கிழமையே அடித்து வைத்துவிட்டேன். பெயர்கள்தான் பாக்கி. ஒவ்வொருத்தராக வந்து பெயர், வீட்டு எண் சொல்ல, நாற்பத்திரண்டையும் அடித்தேன். சேவ் பண்ணினேன். நேற்றுப் போட்டதை மறந்து, தலைப்பைக் கொஞ்சம் தடிமனாக்கலாம் என்று ஃபான்ட் வரிசையைத் தொட்டேன்.

மூடிக்கொண்டது.

திரும்பத் திறந்தேன். இந்தத் தடவை ஃபைல் திறக்கிற வேகத்திலேயே மூடிக்கொண்டது. ஃபான்டை அழிக்கப் போனேன். வேறொரு புரோகிராம் இதைப் பயன்படுத்துகிறது, அழிக்க முடியாது என்றது. மெஷினை அணைத்துப் போட்டேன். அதே பதில். ஆறு தடவை புகழ் இதே ஃபான்டை இதே மெஷினில் என் கண் முன்னால் எடுத்திருக்கிறார். எதையோ நிறுத்திவிட்டு எடுப்பார். எதை? எனக்குத் தெரியவில்லை. அவர் என்ன செய்தார் என்று நான் ஒருநாளும் பார்க்கவே இல்லை. அம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னாம்மா, நேரமாவுதே” என்றார் குப்பம்மாள். வேன்காரன் ஹாரன் அடித்தான்.

போன் பண்ணினேன். முதல் மணியிலேயே எடுத்தார். “நேத்து போன் சார்ஜ்ல இருந்திச்சி, பாக்கல…”

“யோவ், ஜல்தியா உள்ள வாய்யா. நாப்பத்திரண்டு பேரு நின்னுக்கினு கீறாங்க.”

அம்பு வந்தது. அன்றைக்குச் சுற்றவில்லை. நேராகப் போனது, எதையோ நிறுத்தியது, ஃபான்டைத் தூக்கியது. மூன்று நிமிஷத்தில் ஃபைல் திறந்துகொண்டது. நாற்பத்திரண்டு பெயரும் இருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

குப்பம்மாள் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். “யாரும்மா இது, கையே வெக்காம தானா ஓடுது?”

“எங்க வூட்டுக்காரரு. ஓட்டுறாரு.”

“எங்க கீறாரு?”

“விழுப்புரத்துல.”

“விழுப்புரமா? ஒரு மணி நேரத்துல பஸ்ஸுல வர்ற ஆளு இன்னாத்துக்கும்மா கம்பி வழியா வர்றாரு?” என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்டது.

பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். வேன் போயிற்று. கடை காலியாயிற்று. போன் இன்னும் கட்டாகவில்லை, அம்பும் போகவில்லை. அது தேடுகிற பெட்டிக்குப் போனது. ஃபான்டின் பெயர் ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது. இது எங்கிருந்துதான் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்க்கிறார். எனக்குப் புரிந்துவிட்டது. அம்பைப் பிடித்து நிறுத்தலாம், வயரைப் பிடுங்கலாம். கை வரவில்லை. திரையில் ஒரே ஒரு வரி வந்தது. டி டிரைவ், சொந்தம்.

அம்பு அதன்மேல் போய் நின்றது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. அமுக்கவில்லை.

“இது இன்னாத்துக்கு இங்க கீது?”

பேக்கப் என்று சொல்லியிருக்கலாம். நல்ல பொய்தான், நம்பியும் இருப்பார். ஆனால் நாற்பத்திரண்டு பெண்கள் நின்ற இடம் இன்னும் சூடாக இருந்தது. “நான்தான் போட்டேன்” என்றேன். “முதல் தடவைக்கு அப்பறம் எல்லாமே நான்தான்.”

“எல்லாமேவா?”

“ம்.”

“ராவெல்லாம் உக்காந்து படிச்சேன். என் கூட்டாளிகிட்ட, என்னால ஒரு ஃபான்ட் பிரச்சினையக்கூட சரி பண்ண முடியல, நான் இன்னாத்துக்கு லாயக்குன்னு பொலம்பினேன். உனக்கு வெளையாட்டா இருந்திச்சா?”

மற்ற நேரத்தில் ஊரைத் திட்டுகிற வாய் எனக்கு; அன்றைக்கு மவுசைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்பு அந்த ஃபைலை அழித்தது. குப்பைத் தொட்டியையும் காலி பண்ணியது. பிறகு அம்பு போய்விட்டது. போனும் கட்டாயிற்று.

அந்த வாரம் மெஷின் நன்றாக ஓடியது. எதைத் தொட்டாலும் திறந்தது. அப்படி ஒரு எரிச்சலை நான் அனுபவித்ததே இல்லை. வியாழக்கிழமை குப்பம்மாள் ஒரு பை பச்சை மல்லாட்டைக் கடலையோடு வந்து, கலெக்டர் ஆபீசில் மனுவை வாங்கிக்கொண்டு ரசீதுச் சீட்டுக் கொடுத்தார்கள் என்றார். பிறகு கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்துவிட்டு, “வந்தாரா?” என்று கேட்டார். இல்லை என்றேன். பையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை வந்தது. மத்தியானம் சாப்பிட்டேன். தட்டைக் கழுவினேன். என் கையில் கெட்ட ஃபான்ட் இல்லை, கிராஷ் இல்லை, ஒரு சாக்கும் இல்லை. கிராஷ் ஆகிறது என்று பொய்யாகவே போன் பண்ணலாமா என்றுகூட யோசித்தேன். என் புத்தி அப்படி. மூன்று மணிக்குப் போனை எடுத்தேன். நாலு மணி வரைக்கும் கையில் வைத்திருந்தேன். ஒரு பஸ் போனது, ஒரு பஸ் வந்தது. என் வாயால் போன ஆளை வேறு யார் வாயால் வரவழைப்பது? போன் பண்ணினேன்.

ஆறு ஏழு தடவை மணி அடித்த பிறகு எடுத்தார். “சொல்லுங்க. மறுபடியும் கிராஷா?”

“இல்ல. சிஸ்டம் நல்லாத்தான் கீது. நான்தான் நல்லா இல்ல.”

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“வெளையாட்டுக்குப் பண்ணலய்யா. நீ உள்ள வந்து அந்த அம்ப ஓட்டுனா நீ பக்கத்துல கீற மாதிரி இருந்திச்சி. அதுக்குத்தான் பண்ணேன். உன்ன பொலம்ப வெச்சது தப்பு. அன்னிக்கி, போனா வராதன்னு சொன்னனே, அதுதான் எல்லாத்தியும் உட பெரிய தப்பு. அத நான் திரும்ப வாங்கிக்கறேன். நான் அங்க வரணும்னாலும் பேசலாம், கடைய பத்தியும் பேசலாம், எது வேணும்னாலும் பேசலாம். மொதல்ல நீ வா.”

சொல்லி முடித்தபோது மூச்சு வாங்கியது. கட்டாகிவிட்டதா என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“யோவ், கேக்குதா?”

“கேக்குது” என்றார். குரல் உடைந்திருந்தது. “இன்னொரு வாட்டி சொல்லு.”